கன்றுக்குட்டியும் பன்னிரண்டு ரிஷபங்களும்



வாரந்தோறும் இந்தப் பக்கத்தில் ஒரு வேதபகுதியை எடுத்துத் தியானித்து வருகிறோம். இந்த வாரம் அதற்கு முன்பாக உங்களிடம் ஓர் ஒப்புதல் செய்யவேண்டியவனாயிருக்கிறேன். பிரசங்க பீடத்தில் சொன்ன பிழையைப் பிரசங்க பீடத்திலேயே திருத்தவேண்டும் என்று கடந்த ஞாயிறு சில வார்த்தைகள் பேசினேன். மழையினிமித்தம் அன்று பலர் வரக்கூடாமற்போயிற்று. ஆகவே எழுத்திலும் வைக்கிறேன். சம்பந்தப்பட்ட குடும்பத்தாரின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்றார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் நூம்பல் சபையில் யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்திலிருந்து செய்தி கொடுத்தேன். விக்கிரகங்களைக் குறித்துப் பேசிக்கொண்டு வந்தபோது, குறிப்பேட்டில் எழுதியிராத ஒரு வாக்கியம் என் வாயில் வந்தது. கொம்பும் கோரைப்பல்லும் உள்ள அசுர உருவங்களைப் பொழுதுபோக்கு என்னும் பெயரில் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிற விசுவாசிகள் உண்டு, அவற்றை இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள் என்றேன். யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையல்ல. அதற்கு முந்தின வாரம் ஒரு வீட்டு ஜெபத்தில் அந்த உருவங்களைப் பார்த்திருந்தேன்.

அன்று பிற்பகலே அந்த வீட்டுத் தகப்பனார் மகனுடைய பதினொரு உருவங்களையும் ஒரு சிமெண்டுச் சாக்கில் போட்டு, கொல்லைப்புறத்தில் அம்மிக் குழவியால் நொறுக்கினார். மகனுக்கு அப்போது இருபத்தாறு வயது. அவன் ஒரு வார்த்தையும் எதிர்த்துப் பேசவில்லை என்று தகப்பனார் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். சாட்சி சொல்லுவதுபோலச் சொன்னார். நானும் ஸ்தோத்திரம் என்றேன். அடுத்த ஞாயிறு முதல் அந்த வாலிபன் ஆராதனைக்கு வரவில்லை. அதை மனந்திரும்புகிறவனுடைய வெட்கம் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

அந்த உருவங்கள் என்னவென்று அன்று நான் கேட்கவில்லை. இப்போது கேட்டு அறிந்ததைச் சொல்லுகிறேன்.

மார்புவரை மட்டும் வடித்த, உள்ளங்கையில் அடங்குகிற சிறு சிலைகள் அவை. பெரும்பாலும் ரெசினால் ஆனவை. கதைகளில் வருகிற கிழ மந்திரவாதி, போரில் ஒரு கண்ணை இழந்த வீரன், காட்டரசி, பச்சைத் தோலுள்ள ஓர்க் முதலிய முகங்கள். சாம்பல் நிறத்தில் வெறுமையாக வரும் அந்த முகத்துக்கு வண்ணம் தீட்டுவதுதான் இந்தக் கலை. முதலில் கறுப்புப் பூச்சு. பிறகு தலைக்கு நேர் மேலிருந்து வெள்ளையைத் தூவினாற்போலத் தெளிப்பார்கள். உச்சி வெயிலில் ஒருவன் நின்றால் நெற்றியும் மூக்கும் கன்னமேடும் வெளுத்து, கண்குழியும் தாடையின் கீழும் இருண்டிருக்கும் அல்லவா? அந்த ஒளியின் வரைபடம் முகத்தில் பதிந்துவிடும். அதன்மேல் அக்ரிலிக் வண்ணத்தைத் தண்ணீர்ப் பாலளவுக்குக் கரைத்து, ஒன்று காய்ந்தபின் ஒன்றாகப் பல அடுக்குகள் பூசவேண்டும். ஓர் அடுக்கைத் தனியே பார்த்தால் பூசியதாகவே தெரியாது. இருபது அடுக்குகளுக்குப் பின் கன்னத்தில் இரத்தம் ஓடுவதுபோல் இருக்கும்.

நம் ஊர் வெயிலில் அக்ரிலிக் தட்டிலேயே காய்ந்துபோகும். அதற்காக ஒரு பழைய டிபன் பாக்ஸின் அடியில் பாத்திரம் துலக்கும் ஸ்பஞ்சை நனைத்து வைத்து, அதன்மேல் பட்டர் பேப்பரை விரித்து, அதிலே வண்ணத்தைக் கலக்குகிறான். ஈரம் கீழிருந்து ஊறி வண்ணத்தை மணிக்கணக்கில் காத்துக்கொள்ளுகிறது. பச்சைத் தோலைப் பச்சையால் மட்டும் வரைந்தால் அது பிளாஸ்டிக் மாம்பழம்போல் ஆகிவிடுமாம். மூக்கு நுனியிலும் உதட்டிலும் காது மடலிலும் சிவப்பை மெல்லிய திரைபோல் இழுத்தால்தான் பச்சைக்கு உயிர் வரும் என்றான். ஒரு முகத்துக்கு முப்பது முதல் நாற்பது மணி நேரம் ஆகும் என்பது அவன் கணக்கு. பதினொரு முகங்கள். கூட்டிப் பாருங்கள். குழவிக்கு ஆன நேரம் கால்மணிக்கும் குறைவு.

இனி என் பல்லின் கதைக்கு வருகிறேன். சென்ற ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்து என் முன்பல் ஒன்று பாதிக்குமேல் உடைந்தது சபையில் பலருக்குத் தெரியும். வைத்தியர் அளவெடுத்து, ஒரு செராமிக் உறை செய்து பொருத்தினார். கண்ணாடியில் பார்த்து நான் ஆச்சரியப்பட்டேன். பக்கத்துப் பல்லின் விளிம்பில் எனக்குச் சிறு வயது முதல் ஒரு வெண்புள்ளி உண்டு. புதிய பல்லிலும் அதேபோல் ஒன்று இருந்தது. ஈறோரத்தில் ஐம்பது வருட காப்பியின் மங்கலும் இருந்தது. எது புதியது என்று என் மனைவிக்குத் தெரியவில்லை.

வைத்தியர் சொன்னார்: “லேபில் இதைச் செய்த பையன் உங்களைத் தெரியும் என்றான். பல்லின் படத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கினான். பேசும்போது முதலில் தெரிகிற பல், ஒட்டவைத்ததுபோல் இருக்கக்கூடாது என்றான்.”

பிரியமானவர்களே, அது அந்த வாலிபன்தான். பகலில் பல் லேபில் வேலை செய்கிறான். உலகமெங்கும் பல் வைத்தியர் கையில் இருக்கும் ‘விட்டா’ நிற அளவுகோலில் பதினாறு நிறங்கள் உண்டு. மனிதருடைய பல்லோ அந்தப் பதினாறுக்குள் அடங்குவதில்லை. எஞ்சியதை மெல்லிய தூரிகையால் தீட்டி, உலையில் சுட்டு எடுக்கவேண்டும். அந்தக் கைப்பழக்கம் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன். “அந்தப் பொம்மைகளிலிருந்துதான் ஐயா” என்றான். குற்றம் சாட்டும் தொனியே அதில் இல்லை. எந்த வாயால் அந்த வாக்கியத்தைச் சொன்னேனோ அந்த வாய்க்குத்தான் அவன் புள்ளி வைத்திருந்தான். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

என் தவறு என்னவென்று யோசித்தேன். கடுமையாகப் பேசியது மட்டுமென்றால், ஒரு மன்னிப்போடு முடிந்திருக்கும். நான் போதித்ததே தவறு என்று இப்போது கருதுகிறேன். உங்களில் மாறுபடுகிறவர்கள் இருப்பீர்கள். காரணங்களைக் கேட்டபின் எனக்கு எழுதுங்கள்.

சீனாய் மலையடிவாரத்தில் ஆரோன் ஒரு கன்றுக்குட்டியை வார்த்தான். அதனிமித்தம் நேர்ந்த அழிவை அறிவீர்கள். பல தலைமுறைகள் கழித்து, சாலொமோன் கட்டின ஆலயத்தின் பிராகாரத்தில் வெண்கலக் கடல்தொட்டி ஒன்று இருந்தது. அதைச் சுமந்து நின்றவை எவை? 1 இராஜாக்கள் 7-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பன்னிரண்டு ரிஷபங்கள், திசைக்கு மூன்றாக. அங்கேயும் மாடு, இங்கேயும் மாடு. இரண்டும் வார்த்த உலோகம். ஒன்றின்முன் ஜனங்கள் விழுந்து பணிந்தார்கள். மற்றவை தண்ணீர்த் தொட்டியைத் தாங்கிக்கொண்டு நின்றன. இதற்கு மறுபக்கமும் உண்டு. வனாந்தரத்தில் மோசே செய்த வெண்கலச் சர்ப்பம் கர்த்தருடைய கட்டளையின்படியே செய்யப்பட்டது. ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டத் தொடங்கியபின் எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டான். சர்ப்பத்தின் உருவம் நடுவே மாறிவிடவில்லை. மாறியது தூபம்.

ஆகவே ஓர் உருவத்தைக் கண்டதும் நாம் கேட்கவேண்டிய கேள்வி, அதற்குக் கொம்பு உண்டா என்பதல்ல. அதன்முன் இங்கே யார் பணிகிறார்கள் என்பதே. அந்த வீட்டில் யாரும் எந்த ஓர்க்கையும் பணியவில்லை. ஆனால் அன்று பிற்பகல் அந்தத் தகப்பனார் குழவியை எடுத்தது யாருக்குப் பயந்து? தேவனுக்குப் பயந்தா, சபை என்ன சொல்லும், பாஸ்டர் என்ன நினைப்பார் என்று பயந்தா? அவரே பிற்பாடு என்னிடம் சொன்னார்: “ஐயா, ஞாயிற்றுக்கிழமை உங்கள் முகத்தைப் பார்க்கவேண்டுமே என்று இருந்தது.” அந்த வீட்டில் அன்று வணங்கப்பட்ட முகம் ஒன்று உண்டென்றால் அது என்னுடையது.

அசுர முகத்தை ஏன் வரையவேண்டும், அழகான முகத்தை வரையலாமே என்று ஒரு தாயார் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நான் அவர்களுக்கு யோபு 41-ஆம் அதிகாரத்தைக் காட்டினேன். அந்த அதிகாரம் முழுவதும் லிவியாதானைப் பற்றியது. செதில்களின் நெருக்கமான அடுக்கு, நாசியிலிருந்து எழும் புகை, கண்களின் ஒளி, வாயிலிருந்து புறப்படும் தீப்பொறி என்று கர்த்தர் ஒவ்வொன்றாக வருணிக்கிறார். பயங்கரமான ஒன்றை உற்றுப்பார்ப்பது பாவமானால் அந்த அதிகாரம் அங்கே இருக்காது. ஓர்க் என்னும் இனத்தை இக்காலக் கதையுலகில் பரப்பிய டோல்கின் ஆழ்ந்த பக்தியுள்ள ரோமன் கத்தோலிக்கர் என்பதையும் சொல்லவேண்டும். 1954, 55 ஆண்டுகளில் வெளியான அவருடைய ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதையில் ஓர்க்குகள் தீமையின் படை. தீமைக்கு முகம் கொடுத்துக் காட்டுவதும் அதை வணங்குவதும் ஒன்றல்ல.

என் அச்சம் எங்கிருந்து வந்தது என்றும் பின்னோக்கிப் பார்த்தேன். அது என் சொந்த அச்சமே அல்ல. அமெரிக்காவில் 1974-ல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்றொரு விளையாட்டு வந்தது. 1980-களில் அது பிள்ளைகளைப் பிசாசினிடத்தில் கொண்டுபோகும் என்று அங்குள்ள சபைகளில் பெரும் பீதி எழுந்து, துண்டுப்பிரசுரங்கள் குவிந்தன. அவற்றின் சாரம் எப்படியோ என் வாலிப நாள்களில் என் கைக்கும் வந்தது. கொலுப் பொம்மைகளும் கிறிஸ்துமஸ் குடிலும் ஒரே தெருவில் இருக்கும் ஊரில் பிறந்த நான், உருவங்களைப் பற்றி யோசிக்க வேறொரு நாட்டின் பீதியைக் கடன் வாங்கியிருக்கிறேன். (இந்தக் கலையில் உலகப் புகழ்பெற்ற ஒரு போட்டி 1987 முதல் இங்கிலாந்தில் தொடங்கி நடந்துவருகிறது. அதன் பெயர் ‘கோல்டன் டீமன்’, அதாவது தங்கப் பிசாசு. அந்தப் பெயரைக் கேட்டபோது இப்போதும் எனக்கு முகம் சுளிக்கத்தான் செய்தது. மறைக்கவில்லை.)

எனக்கு முன்னே இதே தவறைச் செய்த ஒருவர் நினைவுக்கு வந்தார். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, தம் தொடக்க நாள்களில் ஒரு கோயிலில் இருந்த உருவங்கள் சிலவற்றின் தலைகளை உடைத்தார். அவரே அதை எழுதியும் வைத்தார். அங்கே வந்த ஒருவர், இவை தெய்வங்கள் அல்ல, தெய்வத்தின் சேவகர்கள் மட்டுமே என்று எடுத்துச் சொன்னாராம். என்னவென்று அறியுமுன்னே கை ஓங்கிவிட்டது. ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. தமிழ் கற்றார், ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார், ஊராரிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியை விவரிக்கும் பெரிய நூல் ஒன்றை 1713-ல் எழுதி முடித்தார். அனுப்பிய இடத்தில் அது அச்சேறவில்லை. 1867-ல்தான் சென்னையில் அச்சாயிற்று. அவருடைய விசுவாசம் அதனால் தளர்ந்துவிடவில்லை. தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டுக் கொடுத்தவரும் அவரே. உடைத்த கையே கேட்டு எழுதும் கையாயிற்று. எனக்கு அந்த வரிசை தேவைப்பட்டது.

இந்த நவம்பரில் நம் சபையின் குடில் பெட்டியைத் திறந்தபோது மேய்ப்பர்களில் ஒருவனுக்கு மூக்கு போயிருந்தது. மற்றவர்களுக்கு வண்ணம் செதிலாக உதிர்ந்திருந்தது. புதிதாக வாங்கலாம் என்றார்கள் மூப்பர்கள். நான் அந்த வாலிபனிடம் போனேன். அவன் உடனே சம்மதிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, பழுது பார்க்குமுன் கொசப்பேட்டைக்கு ஒருமுறை போய்வரலாம் என்றான்.

நம் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே நகரத்தை நோக்கிப் போனால் புரசைவாக்கத்தை அடுத்திருக்கிறது கொசப்பேட்டை. தலைமுறை தலைமுறையாக மண்ணில் கொலுப் பொம்மையும் பிள்ளையாரும் செய்கிறவர்கள் வாழும் இடம். மதுரைக்கு அருகே விளாச்சேரியிலும் இதே தொழில்தான். நவராத்திரிக்குக் கொலுப் பொம்மை செய்து முடித்த அதே கைகள் அங்கே கிறிஸ்துமஸுக்குக் குடில் செட்டுகளைச் செய்கின்றன. நீங்கள் உங்கள் வீட்டில் வைக்கும் மரியாளும் யோசேப்பும் அங்கிருந்து வந்தவர்களாக இருக்கக்கூடும். அவற்றை வாங்கும்போது நாம் யாரும் தூரிகையின் மதத்தை விசாரிப்பதில்லை.

அங்கே ஒரு பெரியவர் அரைமணி நேரம் எங்களோடு பேசினார். கண்ணை எப்போது எழுதுவீர்கள் என்று தம்பி கேட்டான். கடைசியில் என்றார் அவர். கோயில் சிலைக்குக் கண் திறப்பது தனிச் சடங்கு. பொம்மைக்குச் சடங்கு எதுவும் இல்லை, ஆனாலும் கண்ணைக் கடைசியாகத்தான் எழுதுவது வழக்கம், அதையும் கை நடுங்காதவர்கள்தான் எழுதவேண்டும் என்றார். தம்பி சிரித்தான். அவன் கண்ணைத்தான் முதலில் வரைவானாம். கோணிப்போனால் சுற்றிலும் எதுவும் கெடாமல் துடைத்துவிட்டு மறுபடி வரையலாம். கண் சரியாக அமைந்தபின் அதைச் சுற்றி முகத்தைக் கட்டிக்கொண்டு போகலாம் என்றான். பெரியவர் யோசித்து, “அதுவும் நல்ல யோசனைதான்” என்றார்.

திரும்பி வரும் வழியில் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மரபில் கண் திறக்கும் நொடி வழிபாட்டின் வாசல். அதை நம்புகிறவர்கள் அதற்குரிய பயத்தோடு செய்கிறார்கள். இவனுடைய மேசையிலோ கண் என்பது ஒரு கறுப்புப் புள்ளியும் அதன் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியும், கோணினால் துடைத்துவிடலாம். இந்த இரண்டையும் ஒன்றென்று நான் பிரசங்கம் செய்தேன். அவர்களையும் அவமதித்தேன், இவனையும் அவமதித்தேன்.

இப்படிச் சொல்லுவதால், இந்தப் பொழுதுபோக்கில் கேட்கவேண்டியது ஒன்றுமில்லை என்று நான் சொல்லுவதாக எண்ணவேண்டாம். வண்ணம் தீட்டுகிற வாலிபரே, உங்களிடம் நேராகவே கேட்கிறேன். தீட்டாமலே பெட்டியில் கிடக்கிற உருவங்கள் எத்தனை? வாங்குவது தீட்டுவதைவிட எளிது. வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு நல்ல உருவத்துக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகிறது. வீட்டு வாடகைக்குத் தகப்பன் கணக்குப் பார்க்கிற மாதத்தில் அதை வாங்கினீர்களா? நள்ளிரவு தாண்டி விளக்கெரிகிற அறையில் உங்களோடு யாராவது பேசினார்களா? ரெசினைத் தேய்க்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் அணிகிறீர்களா? தூரிகையின் முனையை நாவில் வைத்துக் கூராக்குகிற பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். இவை கிரிக்கெட்டுக்கும் தோட்டத்துக்கும் பாட்டுக்குழுவுக்கும் பொருந்துகிற கேள்விகள்தான். கொம்பு இருப்பதனால் கூடுதலாக ஒரு கேள்வியும் என்னிடம் இல்லை.

பெற்றோரே, உங்களிடம் கேட்பது ஒன்றே. அடுத்தமுறை நான் பீடத்திலிருந்து எதையாவது அப்புறப்படுத்தச் சொன்னால், வீட்டுக்குப் போய்க் குழவியை எடுக்குமுன் பிள்ளையிடம் உட்கார்ந்து, இது என்ன, எப்படிச் செய்தாய் என்று கேளுங்கள். பிறகு என்னிடமும் வந்து கேளுங்கள். பாஸ்டர் சொன்னதை வேதத்தோடு ஒத்துப்பார்ப்பது அவமரியாதை அல்ல. பெரோயா பட்டணத்தார் பவுலின் போதனையையே அப்படி ஆராய்ந்தார்கள்.

நொறுக்கின பதினொன்றையும் நான் திருப்பித் தரமுடியாது. பணம் கொடுக்க முன்வந்தேன், அவன் வாங்கவில்லை. ஞாயிறு ஆராதனைக்கு அவன் இன்னும் வரத் தொடங்கவில்லை. வா என்று நானும் கேட்கவில்லை. கேட்கும் உரிமையை முதலில் சம்பாதிக்கவேண்டும் என்று தோன்றுகிறது.

சென்ற வியாழன் மாலை மட்டும் சபையின் பின்அறையில் மேசை போட்டு உட்கார்ந்தான். மூக்குப்போன மேய்ப்பனுக்கு எபாக்ஸி மாவைப் பிசைந்து மூக்கு வைத்தாயிற்று. பழைய வண்ணத்தைச் சுரண்டினான். நம் குடிலின் மேய்ப்பர்கள் எல்லாரும் இத்தனை வருடமும் ரோஜா நிறத்தில் இருந்தது அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

“மேய்ப்பனுக்கு எந்த நிறம் போடட்டும் ஐயா?” என்று கேட்டான். கடையில் ‘தோல் நிறம்’ என்று எழுதி விற்கும் வண்ணமும் இதே ரோஜா நிறந்தானாம்.

இராமுழுவதும் வெளியில் தங்குகிறவர்கள், வெயிலும் பனியும் பட்டவர்கள் என்றேன். அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவன் தகப்பனார் எமர்ஜென்சி விளக்கைப் பிடித்துக்கொண்டு வாசலோரம் நின்றிருந்தார். கொத்தனார் வேலை, முப்பது வருட வெயில் அந்த முகத்தில் இருக்கிறது. மகன் டிபன் பாக்ஸில் பழுப்பையும் கொஞ்சம் சிவப்பையும் கலந்து, தூரிகை நுனியில் எடுத்து, அவரை நிமிர்ந்து பார்த்தான்.

“அப்பா, கொஞ்சம் இந்தப் பக்கம் வெளிச்சத்துக்கு வாங்க” என்றான்.